பாட்டில் இரண்டு வரி எடுத்தால்: ஒரு இசை ஆசிரியைக்குப் பதில்

தங்கச்சி, உங்கள் கட்டுரையும் கேள்விகளும் கிடைத்தன. கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். மற்ற ஆட்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரதேச செயலகத்தின் கலாசார விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறீர்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் பாட்டு எப்படி மாறி வந்தது என்பது விடயம். அருவி வெட்டுப் பாட்டில், அதாவது நெல் அறுவடைப் பாட்டில், தொடங்கித் திரைப்பாட்டில் முடிகிறது. அதில் ஒரு திரைப்பாட்டின் வரிகள் முழுதாக இருக்கின்றன. இன்னொரு பாட்டின் பல்லவிக்கு நீங்களே சுரம் எழுதியிருக்கிறீர்கள். மூலப்பாட்டை முப்பது விநாடி கேட்பதற்கு ஒரு கியூஆர் குறியும் போட யோசிக்கிறீர்கள். கடைசிப் பகுதியில், உங்கள் ஊர் ஆச்சி ஒருவர் பாட நீங்கள் போனில் பதிவு செய்த பாட்டு, ‘நாட்டார் பாடல்’ என்ற ஒரு சொல்லோடு நிற்கிறது. “நாலு வரி, முப்பது விநாடி எண்டால் பிரச்சினை இல்லை எண்டு சொல்லுகினம், உண்மையோ? ஆச்சியின்ர பாட்டுக்கு உரிமை ஒண்டும் இல்லைத்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

திரைப்பாட்டைப் பற்றி நீங்கள் இவ்வளவு பயப்படத் தேவையில்லை. ஆச்சியின் பாட்டில்தான் கூடக் கவனம் வேண்டும். நான் சட்டத் தொழிலில் இருக்கிறவன். இந்தப் பக்கத்து மலர்கள் பலவற்றுக்குப் பதிப்பு வேலையும் பார்த்திருக்கிறேன். அங்கே நான் திரும்பத் திரும்பக் காண்பது இதன் மறுதலை. சென்னையில் இருக்கிற கம்பனிக்குப் பயப்படுகிறோம். பக்கத்து வளவில் இருக்கிற மனிசியின் பாட்டை வாயில்லாச் சொத்துப்போல எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் சட்டம். எங்களுக்குப் பொருந்துவது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இந்தியப் பாட்டென்றாலும், மலர் இங்கே அச்சாகி இங்கே வெளிவருவதால், இங்கத்தைய சட்டம்தான் முதலில் பேசும். இந்தியப் படைப்புக்கு இங்கே பாதுகாப்பு இல்லை என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். இலங்கை 1959 முதல் படைப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பேர்ண் உடன்படிக்கையில் இருக்கிறது, இந்தியா அதற்கு முன்னரே. அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் படைப்பை மற்றொன்று காக்கவேண்டும். பதிவு செய்திருக்கத் தேவையுமில்லை. பாட்டு உருவான கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகிறது.

அதே சட்டம் எழுதுகிறவருக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 11ஆம் பிரிவு ‘நியாயமான பயன்பாடு’ பற்றியது. விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்ற தேவைகளுக்கு ஒரு படைப்பை நியாயமான முறையில் பயன்படுத்தினால் அது உரிமை மீறல் ஆகாது. வெளிவந்த படைப்பின் சிறு பகுதியை மேற்கோளாக எடுப்பதை அடுத்த பிரிவும் அனுமதிக்கிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள்: நியாயமான வழக்கத்துக்கு ஒத்ததாக இருக்கவேண்டும், தேவைக்கு மிஞ்சக்கூடாது, மூலத்தையும் ஆக்கியவரின் பெயரையும் சொல்லவேண்டும். யாரிடமும் கடிதம் எழுதிக் கேட்கத் தேவையில்லை, காசும் கட்டத் தேவையில்லை. இதை உங்களுக்கு யாரோ செய்கிற தயவாக நினைக்காதீர்கள். சட்டம் உங்கள் கையில் தந்தது.

சரி, நாலு வரிக் கணக்கு எங்கிருந்து வந்தது? சட்டத்தில் எங்கும் இல்லை. முப்பது விநாடியும் இல்லை, ஏழு விநாடியும் இல்லை, பத்து வீதமும் இல்லை. சட்டம் நான்கு விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது. என்ன நோக்கத்துக்கு எடுத்தீர்கள். எடுத்த படைப்பு எப்படிப்பட்டது. முழுப் படைப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு எடுத்தீர்கள், எடுத்த பகுதி எவ்வளவு முக்கியமானது. நீங்கள் எடுத்ததால் அந்தப் படைப்பின் சந்தைக்கு என்ன நடக்கும். நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு.

இந்த நான்கும் அமெரிக்கச் சட்டத்தில் உள்ளவைதான், எங்கள் சட்டம் அதைப் பின்பற்றி எழுதப்பட்டது. அதனால் அங்கத்தைய ஒரு தீர்ப்பைச் சொல்வது பொருத்தம். முன்னாள் சனாதிபதி ஃபோர்ட்டின் நினைவுக் குறிப்பு அச்சுக்குப் போக இருந்த நேரம், ஒரு சஞ்சிகை அதன் கையெழுத்துப் படியிலிருந்து ஏறத்தாழ 300 சொற்களை எடுத்து முந்திப் போட்டுவிட்டது. முழு நூலோடு பார்த்தால் அது ஒரு கைப்பிடி. ஆனால் அந்தக் கைப்பிடியில்தான் நிக்சனுக்கு ஏன் மன்னிப்புக் கொடுத்தேன் என்று அவர் சொன்ன இடம் இருந்தது. நூலின் இதயத்தையே எடுத்துவிட்டார்கள், அதுவும் வெளிவர முன்னரே எடுத்துவிட்டார்கள் என்று 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சஞ்சிகைக்கு எதிராகத் தீர்த்தது.

பாட்டுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். பாட்டு சின்னப் பொருள். பன்னிரண்டு வரிப் பாட்டில் நாலு வரி என்றால் மூன்றில் ஒரு பங்கு. அந்த நாலு வரியும் பல்லவியும் அனுபல்லவியுமாக இருந்தால், சனம் முணுமுணுக்கிற பகுதி அவ்வளவும் உங்கள் பக்கத்துக்கு வந்துவிடும். நாவலில் நாலு வரியும் பாட்டில் நாலு வரியும் ஒரே அளவில்லை.

இப்போது உங்கள் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். திரைப்பாட்டின் வரிகள் முழுதாக இருக்கின்றன. அதற்குக் கீழே நீங்கள் எழுதியது ஒரே வசனம்: “இப்பாடல் அக்காலத்தில் எமது பகுதியில் மிகவும் பிரபலமாக இருந்தது.” பிழை இங்கேதான் இருக்கிறது. பாட்டு பிரபலமாக இருந்தது என்று சொல்ல வரிகளே தேவையில்லை, பெயர் போதும். வாசகர் அந்தப் பக்கத்தைக் கட்டுரைக்காகப் பார்க்கமாட்டார், பாட்டுக்காகப் பார்ப்பார். அப்படி நிற்கிற வரி மேற்கோள் ஆகாது, மறுபதிப்பாகிவிடும்.

ஆனால் அடுத்த பக்கத்தில் அருமையான ஒரு இடம் இருக்கிறது. அருவி வெட்டுப் பாட்டில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்ற ஆட்கள் வாங்கிப் பாடுகிற முறையும், அந்தத் திரைப்பாட்டில் கோரஸ் வந்து விழுகிற இடமும் ஒன்றுபோல இருப்பதைக் காட்டியிருக்கிறீர்கள். அதைக் காட்ட இரண்டு வரி எடுத்தீர்கள். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் உங்கள் வாதம் விளங்காது. நியாயமான பயன்பாடு என்று எந்த மேடையிலும் நான் துணிந்து சொல்லக்கூடிய இடம் அது. மூன்றாம் பக்கத்தை வெட்டிவிடுங்கள், நாலாம் பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

நான் பார்க்கிற விதம் லேசானது. எடுத்த வரியை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். கட்டுரை தடுமாறினால் வரிக்கு அங்கே வேலை இருக்கிறது. தடுமாறாமல் ஓடினால் அந்த வரி அலங்காரத்துக்கு வந்தது.

வரிகளோடு விடயம் முடியாது. ஒரு திரைப்பாட்டில் குறைந்தது மூன்று உரிமை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது. எழுதினவரின் வரி, மெட்டமைத்தவரின் இசை, பாடிப் பதிந்த ஒலி. ஒவ்வொன்றுக்கும் வேறு வயது. வரிக்கும் இசைக்கும் இலங்கையில் ஆக்கியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும். இந்தியாவில் 60. கண்ணதாசன் 1981இல் காலமானார். அவருடைய வரிகள் இங்கே 2051 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கும். அந்த வரிக்கு மெட்டுப் போட்டவர் எம்.எஸ். விஸ்வநாதன் என்றால் அவர் காலமானது 2015இல், இசைக்கான காலம் 2085 வரை போகும். ஒரே பாட்டுத்தான், ஆனால் முப்பத்து நாலு வருட வித்தியாசம். இந்த உரிமைகள் பெரும்பாலும் கம்பனிகளின் கைக்கு மாறியிருக்கும். உரிமை விற்றுப்போனாலும், தன் பெயர் சொல்லப்படவேண்டும், தன் படைப்பைச் சிதைக்கக்கூடாது என்று கேட்கிற உரிமை ஆக்கியவரிடமே நிற்கும். அதனால்தான் கம்பனியின் பெயரை மட்டும் போட்டுக் கவிஞரின் பெயரை விடுவது பிழை.

பாரதியாருக்கு இந்தக் கணக்கு இல்லை. அவர் 1921இல் மறைந்தார். அவர் எழுத்தை எவ்வளவும் எடுக்கலாம். தியாகராசர் 1847இல் மறைந்தார், அவர் கீர்த்தனைகளும் அப்படியே. பாபநாசம் சிவனைப் பலர் அந்த வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள், கச்சேரியில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வருவதால். அவர் 1973 வரை இருந்தவர், இங்கே 2043 முடியும்வரை அவருடைய கீர்த்தனைக்கு உரிமை உண்டு. இன்னொன்று: பாரதியின் வரி எங்கள் எல்லாருக்கும் சொந்தம் என்றாலும், அதற்கு ஒரு படத்தில் போட்ட மெட்டும் அதைப் பாடிய ஒலிப்பதிவும் எங்களுக்குச் சொந்தமில்லை.

உங்கள் சுரத்துக்கு வருவோம். காதால் கேட்டு நீங்களே எழுதினீர்கள், எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை என்று அழுத்திச் சொல்லியிருக்கிறீர்கள். உழைப்பு உங்களுடையது. ஆனால் மெட்டு உங்களுடையது ஆகாது. தட்டச்சில் அடித்தாலும் கையால் எழுதினாலும் கவிதை கவிஞருடையதுதானே, சுரமும் அப்படி. முழுப் பாட்டுக்கும் சுரம் எழுதி அச்சிட்டால் அது இசையின் மறுபிரதி. இங்கே இன்னொரு இறுக்கமும் இருக்கிறது. சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்கலாம் என்று சட்டம் விட்டுக்கொடுக்கிற இடத்தில்கூட, இசைக்குறிப்புப் பிரதியை முழுதாகவோ பெரும்பகுதியாகவோ எடுப்பதை விலக்கி வைத்திருக்கிறது. அதனால் உங்களுக்கு எது தேவையோ அதை மட்டும் வையுங்கள். பல்லவியின் இரண்டாவது ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) நிஷாதம், அதாவது ‘நி’ சுரம், மாறுகிற இடத்தைத்தானே காட்டப் போகிறீர்கள்? அந்த ஒரு ஆவர்த்தனம் போதும், அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று நாலு வசனம் எழுதுங்கள். இராகத்தின் ஆரோகண அவரோகணம், தாளத்தின் அங்கம், இவற்றுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அவை முறை, முறையையும் எண்ணத்தையும் சட்டம் காப்பதில்லை. கரகரப்பிரியா இராகத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்.

வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தாள் வேறு விடயம். வகுப்புத் தேவைக்குப் பல பிரதி எடுப்பதை 11ஆம் பிரிவு பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அங்கே கையை இறுக்காதீர்கள். அதே தாளை நூலாகக் கட்டி விற்கிற நாள் வந்தால் திரும்ப யோசிக்கவேண்டும்.

கியூஆர் குறியைப் பற்றி. ஒலிப்பதிவுக்கான உரிமை இங்கே வெளியான பின் 50 ஆண்டு, இந்தியாவில் 60. ஆகவே 1970இல் வந்த இசைத்தட்டின் ஒலிக்கு இலங்கையில் காலம் முடிந்திருக்கும், ஆனால் அதில் இருக்கிற வரியும் மெட்டும் உயிரோடு இருக்கும். விமர்சனத்துக்காகச் சின்னத் துண்டு கேட்கவைப்பதை ஒலியிலும் நியாயமான பயன்பாடாகக் கருதலாம். நடைமுறைச் சிக்கல் வேறு இடத்தில் வரும். நீங்கள் அந்தத் துண்டை யூடியூபில் ஏற்றினால் அங்கே பாட்டை அடையாளம் காண்பது ஒரு இயந்திரம். அது ஒலியை மட்டும் ஒப்பிடும். நீங்கள் ஏன் எடுத்தீர்கள் என்று வாசிக்காது. தடை வரும், பேந்து நீங்கள் முறையிட்டு விளக்கம் எழுதவேண்டும், அதற்கிடையில் அச்சான மலரில் உங்கள் குறி செத்துப்போய்க் கிடக்கும். குறியை உரிமையாளரின் சொந்த யூடியூப் பக்கத்துக்கே கொண்டுபோங்கள், எந்த நிமிடத்தில் கேட்கவேண்டும் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். அல்லது அந்த ஒரு ஆவர்த்தனத்தை நீங்களே பாடிப் பதியுங்கள். உங்களுக்குத்தான் குரல் இருக்கிறதே.

“மலர் இருநூறு பிரதிதான், விற்கவும் மாட்டினம்” என்றும் எழுதியிருந்தீர்கள். விற்காதது உங்கள் பக்கம் நிற்கும், முழுதாகக் காப்பாற்றாது. இப்போது மலர்கள் இருநூறோடு நிற்பதுமில்லை. ஈழத்து நூல்களையும் மலர்களையும் இணையத்தில் சேர்க்கிற நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது, எங்கள் பக்கத்து மலர்களும் அங்கே போய்ச் சேர்கின்றன. அது எங்களுக்குக் கிடைத்த பெரிய கொடை என்று சொல்வேன். போரில் வீட்டு அலுமாரிகள் எல்லாம் போன பிறகு, எங்கள் எழுத்தை நாங்களே அங்கேதான் தேடிப் படிக்கிறோம். அதனால் நீங்கள் எழுதுவது பல காலம் நிற்கும் என்று நினைத்து எழுதுங்கள்.

‘நன்றி: இணையம்’ என்று போடுகிற வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். இணையம் எந்தப் பாட்டையும் எழுதவில்லை. பாட்டின் பெயர், எழுதினவர், இசை, பாடினவர், படம், ஆண்டு: ஒரு வரியில் அடங்கும். பெயர் போட்டால் எவ்வளவும் எடுக்கலாம் என்பதும் பிழை. பெயர் போடுவது மேற்கோளுக்கு ஒரு நிபந்தனை, அளவுக்கு மீறி எடுத்ததை அது சரியாக்காது.

இனி ஆச்சியின் பாட்டு.

இதற்கு உரிமை இல்லை என்று நினைத்தது நீங்கள் மட்டுமில்லை. சட்டத்தரணிகளே அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வழக்காற்றுக்கு என்றே எழுதப்பட்டது. வாய்வழியாக வருகிற பாட்டு, கதை, விடுகதை, ஆட்டம், கூத்து எல்லாம் அதில் அடங்கும். அவற்றை வியாபாரத்துக்கோ, அவை வழங்குகிற மரபுச் சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்துவதற்கு அனுமதி தேவை. அந்த அனுமதியை அமைச்சர் குறித்துவிடுகிற அதிகாரி கொடுக்கவேண்டும். ஆய்வுக்கும் நேரடிக் கற்பித்தலுக்கும் விலக்கு உண்டு, உங்கள் கட்டுரை அதற்குள் வரும். ஆனால் ஒரு கடமைக்கு விலக்கு இல்லை. அச்சில் எடுத்தாளும்போது அந்த வழக்காறு எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிப்பிடவேண்டும். ‘நாட்டார் பாடல்’ என்ற ஒற்றைச் சொல் அந்தக் கடமையைத் தீர்க்காது. எங்கள் வன்னியின் வயற்பாட்டுகளான பண்டிப்பள்ளையும் குருவிப்பள்ளையும் வெறும் ‘தமிழ் நாட்டார் பாடல்’ என்று யாரும் எழுதினால் எங்களுக்கு எப்படி இருக்கும்? வயலுக்குள் பண்டி (பன்றி) இறங்குகிற ஊரில் பிறந்த பாட்டு அது, அந்த ஊரோடுதான் அதைச் சொல்லவேண்டும்.

அதோடு பாட்டு மரபுடையது என்றாலும், பாடின குரல் ஆச்சியுடையது. நிகழ்த்துநருக்கு என்று சட்டம் தனி உரிமை கொடுத்திருக்கிறது. மேடையில் பாடுகிறவருக்கு உள்ளதேதான் திண்ணையில் பாடுகிறவருக்கும். அவர் சம்மதம் இல்லாமல் பதியவும் கூடாது, பதிந்ததை ஊருக்குப் பரப்பவும் கூடாது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. பல வருடத்துக்கு முன் முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு அம்மாவிடம் சூடு மிதிக்கிற (மாடு விட்டு நெற்கதிர் மிதிக்கிற) பாட்டுகள் பதியப் போனேன். உரலைக் கவிழ்த்து அதன்மேல் றெக்கோடரை வைத்தேன். அவர் தாவாரத்தில் பாயில் இருந்து பாடினார். “பொலி, பொலி” என்று குரல் ஏறுகிற ஒவ்வொரு தரமும் வலது கை தானாக எழும்பிச் சுழன்றது, மாட்டுக்கயிறு கையில் இருக்கிறதுபோல. மூன்றாவது பாட்டில் நிறுத்திவிட்டார். “இது எங்கட அம்மா கட்டினது தம்பி, களத்தில எல்லாரும் படிக்கிறவை, ஆனா கட்டினது அவ” என்றார். நான் அதைக் கொப்பியில் குறித்தேன். ஒலிப்பதிவின் பிரதி ஒன்றை, நல்லதுக்குத்தான் என்று நம்பி, கேட்ட ஒரு குழுவுக்குக் கொடுத்தேன். கொப்பியைக் கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு இறுவட்டு வந்தது. அதே பாட்டு, அதே ஏற்ற இறக்கம், பின்னால் கீபோட். அட்டையில் ‘பாடல், இசை’ என்று வேறொருவரின் பெயர். அந்த அம்மாவின் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட எனக்கு முகம் இருக்கவில்லை. பிறகு 2009 வந்தது. கொப்பியும் போனது, அவரும் போனார். இப்போது அந்தப் பாட்டு அவருடைய தாயினது என்பதற்கு என் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன். ஆச்சி உயிரோடு இருக்கிறார், நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். மலர் அச்சுக்குப் போக முன் ஒருக்கால் போய்வாருங்கள். பாட்டு யாரிடம் படித்தது, எந்த வயலில் படித்தது, அதைக் கட்டினவர் யாரென்று யாரும் சொன்னதுண்டா என்று கேளுங்கள். கட்டினவர் யாரென்று தெரிந்தால், அவர் மறைந்து 70 ஆண்டு ஆகாவிட்டால், அது பொதுவான நாட்டார் பாட்டு என்ற பெட்டிக்குள் அடங்காது, கண்ணதாசனுக்கு உள்ள அதே உரிமை அவருக்கும் உண்டு. கூத்துக் கொப்பிகளுக்கும் இதுதான். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் தன் கையால் எழுதி வைத்த கூத்தை, ஊர் முழுக்க ஆடியது என்பதற்காக ஊர்ச்சொத்து என்று அச்சிட்டுவிட முடியாது. அவர் பிள்ளைகளிடம் கேட்கவேண்டும்.

சம்மதத்தைப் போனிலேயே பதியுங்கள், பத்திரம் எழுதி ஒப்பம் கேட்டால் அவர் பயந்துபோவார். பாட்டை மலரில் போடலாமா, குரலை இணையத்தில் விடலாமா, பெயரைப் போடலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்கு ஓம் என்பவர் மற்றதுக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடும். பெயர் வேண்டாம் என்றால் ஊரையும் தொழிலையும் மட்டும் போடுங்கள்.

பாட்டுக்குக் கீழே வருகிற குறிப்பை இந்த மாதிரி எழுதலாம். மிச்சத்தை ஆச்சி சொல்கிறபடி நிரப்புங்கள்:

“அருவி வெட்டுப் பாட்டு. முல்லைத்தீவு மாவட்டம், (ஊர்). பாடியவர் (பெயர்), தன் தாயிடம் கேட்டுப் படித்ததாகச் சொன்னார். அவர் வீட்டில், அவர் சம்மதத்துடன் பதிவு செய்யப்பட்டது, (நாள்). சொற்கள் அவர் பாடியபடியே தரப்பட்டுள்ளன.”

அந்தக் கடைசி வசனத்துக்காக, நீங்கள் ‘திருத்தி’ எழுதியிருக்கிற இரண்டாவது அடியைத் திரும்ப அவர் பாடின மாதிரியே மாற்றிவிடுங்கள்.